"விட"ன்னு ஒரே வார்த்தைல முடியாது: இங்கிலீஷ்ல ஒரு செயலை இன்னொரு செயலோட ஒப்பிட்டு தப்பில்லாம எழுதுறது எப்படி

"அவன் என்னை விட வேகமா ஓடுவான்"னு தமிழ்ல சொல்றோம்ல, அதுல "வேகமா"ங்கற வார்த்தை கொஞ்சம் கூட மாறலங்கறத கவனிச்சிருக்கீங்களா? அவன் தனியா ஓடினாலும் வேகமா தான், என்னோட ஒப்பிட்டாலும் வேகமா தான். ஒப்பிடுற வேலை முழுசையும் அந்த "விட" ஒத்தை ஆளா பாத்துக்குது. இது இன்னிக்கு நேத்து வந்த பழக்கமும் இல்ல, ஸ்கூல்ல ஐந்தாம் வேற்றுமைக்கு உதாரணமா "காக்கையின் கரிது களம்பழம்"னு படிச்சிருப்போம், களாப்பழம் காக்காவை விட கறுப்புன்னு அர்த்தம், அதுலயும் "கரிது" அப்படியே தான் நிக்குது, "இன்" மட்டும் தான் ஒப்பிடுது.

இங்கிலீஷ்ல அதே வேலையை மூணு எடத்துல பிரிச்சு வச்சிருக்காங்க. செயலை எப்படி செஞ்சாங்கன்னு சொல்ற அட்வெர்ப்போட உருவம் மாறணும், அதுக்கப்புறம் "விட"ங்கற அர்த்தத்துல "தேன்" வரணும், தேனுக்கு பின்னாடி நிறைய நேரம் ஒரு குட்டி வெர்ப் திரும்ப வரணும். "ஹி ரன்ஸ் ஃபாஸ்டர் தேன் ஐ டூ." ஃபாஸ்டர் ஒண்ணு, தேன் ரெண்டு, டூ மூணு. நம்ம ஆளுங்க எழுதுறதுல நான் பாக்குற தப்புல பெரும்பாலானது இந்த மூணுல ஏதோ ஒண்ண விட்டுட்டு, மிச்சத்தை "விட" பாத்துக்கும்ங்கற நெனப்புல எழுதுறது தான். நான் பல வருஷம் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல வெளிநாட்டு பையர்களுக்கு போற மெயிலை எல்லாம் படிச்சு திருத்தி அனுப்புற வேலை பாத்தேன், இப்ப சாயங்காலத்துல பசங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர்றேன், ரெண்டு எடத்துலயும் ஒரே தப்பு தான் திரும்ப திரும்ப வருது, அதனால தான் இதை ஒரு தடவை பொறுமையா எழுதிடலாம்னு உக்காந்தேன்.

முதல்ல செய்ய வேண்டியது, எழுத ஆரம்பிக்கும்போதே முன்னாடி மோர் போடணுமா, வார்த்தை கடைசில ஈ ஆர் போடணுமான்னு மண்டைய உடைச்சுக்காம, யாரோடயும் ஒப்பிடாம அந்த சென்டன்ஸை ஒரு தடவை எழுதிப் பாருங்க. "ஷி ரைட்ஸ் நீட்லி." வெர்ப் எது, ரைட்ஸ். எப்படி எழுதுறா, நீட்லி. சரி, இப்ப மோர் சேருங்க, "ஷி ரைட்ஸ் மோர் நீட்லி." அவ்ளோ தான். இந்த படிய தாண்டி குதிக்கிறவங்க தான் "ஷி ரைட்ஸ் மோர் நீட்"னு எழுதுறாங்க, ஏன்னா மோர்னு ஒரு வார்த்தை வந்த உடனே வேலை முடிஞ்ச மாதிரி தோணி அந்த எல் ஒய்ய விட்டுடுறாங்க. ஆபீஸ் மெயில்ல "ப்ளீஸ் செக் தி சாம்பிள்ஸ் மோர் கேர்ஃபுல்"னு எத்தனை தடவை திருத்தியிருப்பேன்னு கணக்கே இல்ல. செக் பண்றது ஒரு செயல், எப்படி செக் பண்ணணும்ங்கறதுக்கு பதில் கேர்ஃபுலி, மோர் வந்தாலும் அது கேர்ஃபுலி தான்.

ஆனா எல்லா வெர்ப்புக்கும் இப்படி எல் ஒய் போட முடியாது, நம்மள நல்லா மாட்டிவிடுற எடம் இது தான். தமிழ்ல "அவ அழகா பாடுறா"ன்னும் சொல்றோம், "அவ அழகா இருக்கா"ன்னும் சொல்றோம். ரெண்டுலயும் அதே "அழகா". இங்கிலீஷ்ல முதலாவது "ஷி சிங்ஸ் பியூட்டிஃபுலி", ரெண்டாவது "ஷி இஸ் பியூட்டிஃபுல்". பாடுறது செயல், அதனால அட்வெர்ப். இருக்கிறது நிலைமை, அந்த வார்த்தை அவளைப் பத்தி பேசுது, அதனால அட்ஜெக்டிவ். இஸ் மாதிரியே நிலைமைய சொல்ற வெர்ப் இன்னும் கொஞ்சம் இருக்கு: சீம், லுக், சவுண்ட், ஸ்மெல், டேஸ்ட், ஃபீல், பிகம், கெட். இதுங்களுக்கு அப்புறம் ஒப்பிடும்போது "மோர் கான்ஃபிடன்ட்" தான், "மோர் கான்ஃபிடன்ட்லி" கிடையாது. "ஷி சவுண்ட்ஸ் மோர் கான்ஃபிடன்ட் டுடே" சரி. "ஷி ஸ்பீக்ஸ் மோர் கான்ஃபிடன்ட்லி டுடே" அதுவும் சரி. ஒரே பொண்ணு, ஒரே நாள், வெர்ப் மாறினதும் பின்னாடி வர்ற வார்த்தையும் மாறுது.

சந்தேகம் வந்தா அந்த வெர்ப்பை எடுத்துட்டு அங்க இஸ் போட்டு படிச்சுப் பாருங்க. "தி ரசம் டேஸ்ட்ஸ் ஸ்பைசியர்", இஸ் போட்டா "தி ரசம் இஸ் ஸ்பைசியர்", அர்த்தம் நிக்குது, அப்ப அட்ஜெக்டிவ். "ஹி டிரைவ்ஸ்..."ங்கற எடத்துல இஸ் போட்டா வண்டி ஓட்டுற விஷயமே காணாம போயிடும், அப்ப அட்வெர்ப். லுக் மாதிரி சில வெர்ப் ரெண்டு வேஷமும் போடும், "ஹி லுக்ஸ் மோர் கேர்ஃபுல்"ன்னா பாக்க கவனமான ஆளா தெரியறான், "ஹி லுக்ட் அட் தி பில் மோர் கேர்ஃபுலி"ன்னா கண்ண வச்சு பில்ல உத்துப் பாத்தான். அட் வந்துட்டாலே அது பாக்குற செயல்னு வச்சுக்கலாம்.

இப்ப ஈ ஆரா, மோரான்னு வருவோம். எல் ஒய்ல முடியற அட்வெர்ப்னா மோர். மோர் கிளியர்லி, மோர் பொலைட்லி, மோர் ரெகுலர்லி. எல் ஒய் இல்லாத சின்ன அட்வெர்ப்னா ஈ ஆர். ஃபாஸ்டர், ஹார்டர், லேட்டர், லாங்கர், சூனர், ஹையர், லோயர், நியரர். ஏர்லி மட்டும் எல் ஒய்ல முடிஞ்சாலும் ஏர்லியர்னு தான் வரும், மோர் ஏர்லின்னு எழுதக்கூடாது. ஆஃபன்க்கு மோர் ஆஃபன். குவிக்லி, ஸ்லோலி ரெண்டுக்கும் எழுத்துல மோர் குவிக்லி, மோர் ஸ்லோலின்னு எழுதிட்டா யாரும் கேள்வி கேக்க முடியாது, குவிக்கர், ஸ்லோயர்னும் பேச்சுல சகஜமா வரும், ரிப்போர்ட் மெயில்னா நான் முதல் வகையத் தான் எழுதச் சொல்லுவேன்.

ஃபாஸ்ட், ஹார்ட் இதுக்கெல்லாம் ஏன் எல் ஒய் இல்லன்னு பசங்க கேப்பாங்க, நல்ல கேள்வி. பழைய இங்கிலீஷ்ல அட்வெர்ப் ஆக்கணும்னா நிறைய வார்த்தைக்கு கடைசில ஒரு ஈ சேர்த்தாங்க, காலப்போக்குல அந்த ஈ சத்தம் தேஞ்சு உதிர்ந்து போச்சு, அதனால அட்ஜெக்டிவும் அட்வெர்ப்பும் ஒரே மாதிரி ஆகிடுச்சு. அந்தக் காலத்து மிச்சம் தான் இந்த ஃபாஸ்டும் ஹார்டும். ஃபாஸ்ட்லின்னு ஒரு வார்த்தைய இன்னிக்கு யாரும் எழுதுறதில்ல. ஹார்ட்லின்னு இருக்கு, ஆனா அது வேற வார்த்தை, அதுக்கு "அரிதா, கிட்டத்தட்ட இல்லவே இல்ல"ன்னு அர்த்தம்.

இந்த ஹார்ட்லிய கொஞ்சம் சீரியஸா எடுத்துக்கோங்க. என்கிட்ட வந்த ஒரு பொண்ணு வேலைக்கு அனுப்புற லெட்டர்ல "ஐ ஹார்ட்லி வொர்க்ட் இன் மை லாஸ்ட் ஜாப்"னு எழுதியிருந்தா. கடுமையா உழைச்சேன்னு சொல்ல வந்தா, படிக்கிறவங்களுக்கு நான் வேலையே பாக்கலன்னு போய் சேரும். நைட் ஷிஃப்ட் எல்லாம் பாத்து உழைச்ச பொண்ணு அவ, ஒரு எல் ஒய்யால அந்த உழைப்பு தலைகீழா தெரியறது எனக்கு மனசு கேக்கல. "ஐ வொர்க்ட் ஹார்ட்", ஒப்பிடணும்னா "ஐ வொர்க்ட் ஹார்டர் தேன் பிஃபோர்". லேட், லேட்லியும் இதே கதை தான், ஹி கேம் லேட்னா தாமதமா வந்தான், லேட்லின்னா சமீப காலமா. ஒப்பிடும்போது லேட்டர் மட்டும் தான் வரும்.

ஒழுங்குல வராத நாலஞ்சு இருக்கு, அதை மனப்பாடமே பண்ணிடுங்க. வெல்லுக்கு பெட்டர், பேட்லிக்கு வொர்ஸ், மச்க்கு மோர், லிட்டிலுக்கு லெஸ், ஃபாருக்கு ஃபார்தர் இல்ல ஃபர்தர். தூரத்துக்கு ரெண்டும் எழுதலாம், "மேற்கொண்டு"ங்கற அர்த்தத்துக்கு ஃபர்தர் மட்டும். கம்மியாங்கறதுக்கு "ஹி கால்ஸ் லெஸ் ஆஃபன் நவ்", லெஸ்ஸர்னு இங்க எழுதாதீங்க, லெஸ்ஸர் ஒரு பொருளுக்கு முன்னாடி நிக்கிற அட்ஜெக்டிவ்.

"ரொம்ப வேகமா"ன்னு நாம சொல்றதால கை தானா "வெரி ஃபாஸ்டர்"னு எழுதிடும். வெரிக்கும் ஃபாஸ்டருக்கும் ஒத்தே வராது. வெரி ஃபாஸ்ட் சரி, மச் ஃபாஸ்டர் சரி. ஒப்பிடும்போது அளவ சொல்லணும்னா மச், ஃபார், எ லாட், எ லிட்டில், எ பிட், ஸ்லைட்லி, ஈவன் இதுல ஒண்ண எடுத்துக்கோங்க. "இன்னும் தெளிவா எழுது"ன்னா "ரைட் ஈவன் மோர் கிளியர்லி", அந்த "இன்னும்"க்கு ஸ்டில்னு நேரா போட்டு "ரைட் ஸ்டில் கிளியர்லி"ன்னு எழுதுனா ஒப்பீடே அதுல இல்ல. மோர் ஃபாஸ்டர், மோர் பெட்டர் இதெல்லாம் சட்டை மேல சட்டை போட்ட மாதிரி, ஈ ஆர் இருந்தா மோர் வேண்டாம்.

அடுத்தது தேன். முதல் விஷயம் ஸ்பெல்லிங், நடுவுல ஏ போட்டா "விட", ஈ போட்டா "அப்புறம்". ஒரு காலத்துல ரெண்டும் ஒரே வார்த்தையா இருந்து பிரிஞ்சது தான், ஆனா இன்னிக்கு மாத்தி போட்டா படிக்கிறவங்களுக்கு கண்ணுல குத்தும், ஸ்பெல் செக்கரும் பல நேரம் பிடிக்காது, ஏன்னா ரெண்டுமே உண்மையான வார்த்தை.

தேனுக்கு அப்புறம் வர்ற அந்த குட்டி வெர்ப் தான் இந்த பாடத்துலயே எனக்கு ரொம்ப பிடிச்ச எடம். முன்னாடி இருக்கிற வெர்ப்பை பாத்து அதோட உதவியாளைத் திரும்ப கூப்பிடணும். முன்னாடி சாதாரண பிரெசன்ட் டென்ஸ்னா டூ இல்ல டஸ், பாஸ்ட்னா டிட், ஹேவ் இருந்தா ஹேவ், கேன் இருந்தா கேன், இஸ் இருந்தா இஸ். "ஐ குக் ஃபாஸ்டர் தேன் ஷி டஸ்", இதுல டஸ் ஏன்னா தேனுக்கு அப்புறம் ஷி நிக்கிறா, முன்னாடி ஐ இருக்கேன்னு டூ போட்டா தப்பு. "ஷி சாங் பெட்டர் தேன் ஐ டிட்." "ஹி ஹேஸ் டிராவல்ட் ஃபார்தர் தேன் வி ஹேவ்." "மை சிஸ்டர் கேன் டைப் ஃபாஸ்டர் தேன் ஐ கேன்." ரெண்டு பக்கமும் வேற வேற காலமா இருந்தா அந்தந்த பக்கத்துக்கு அந்தந்த காலம் போகும், "ஷி டைப்ஸ் ஃபாஸ்டர் நவ் தேன் ஷி டிட் லாஸ்ட் இயர்", இப்ப டைப்ஸ், போன வருஷம் டிட்.

தேன் மீன்னு எழுதுனா தப்பான்னு கேப்பீங்க. பேச்சுல எல்லாரும் சொல்றாங்க, மெசேஜ்ல தாராளமா எழுதுங்க. தேன் ஐன்னு மொட்டையா நிறுத்தினா கொஞ்சம் வெறைப்பா இருக்கும். தேன் ஐ டூன்னு முடிச்சா எந்த எடத்துலயும் நிக்கும், இலக்கணமும் சரி, காதுக்கும் சரி. ஆனா சில எடத்துல இந்த குட்டி வெர்ப் அழகுக்காக இல்ல, அர்த்தத்துக்காகவே வேணும். "அவனை விட எனக்கு உன்னை நல்லா தெரியும்"னு தமிழ்ல சொன்னாலே ரெண்டு அர்த்தம் வருது பாருங்க, அவனுக்கு உன்னைத் தெரியறத விட எனக்கு அதிகம் தெரியுமா, இல்ல எனக்கு அவனைத் தெரியறத விட உன்னை அதிகம் தெரியுமா. பேசும்போது குரல்ல புரிஞ்சிடும், எழுத்துல புரியாது. இங்கிலீஷ்ல "ஐ நோ யூ பெட்டர் தேன் ஹி டஸ்"னா முதல் அர்த்தம். ரெண்டாவதுக்கு "ஐ நோ யூ பெட்டர் தேன் ஐ நோ ஹிம்"னு எழுதிட்டா சண்டையே வராது.

இதோட சேர்த்து சொல்ல வேண்டியது, "விட" நம்ம வேற்றுமை உருபையும் சேர்த்து முழுங்கிடும். "கிராமத்தை விட டவுன்ல விலை வேகமா ஏறுது"ன்னு சொல்றோம், கிராமத்துக்கு "ல" எங்க போச்சு? விட முழுங்கிடுச்சு. அதே நெனப்புல இங்கிலீஷ்ல "பிரைசஸ் ரைஸ் ஃபாஸ்டர் இன் டவுன்ஸ் தேன் வில்லேஜஸ்"னு எழுதிடுறோம், "தேன் இன் வில்லேஜஸ்"னு அந்த இன் திரும்ப வந்தா தான் ரெண்டு பக்கமும் சமமா நிக்கும். ஆன், அட், வித், ஃபார் எல்லாத்துக்கும் இதே மாதிரி தான், "ஷி ஸ்பீக்ஸ் மோர் ஃப்ரீலி வித் மீ தேன் வித் ஹர் டீச்சர்." இரண்டாவது வித்தை எடுத்துட்டு படிச்சா, டீச்சரை விட இவ ஃப்ரீயா பேசுறாங்கற மாதிரியும் கேக்கும்.

இன்னும் ரெண்டு சின்ன விஷயம். "எதிர்பாத்தத விட"ங்கறத அப்படியே "தேன் வாட் ஐ எக்ஸ்பெக்டட்"னு எழுதுறோம், அந்த வாட் வேண்டாம், "தி பார்சல் கேம் ஏர்லியர் தேன் ஐ எக்ஸ்பெக்டட்." அப்புறம் "கிளாஸ்ல எல்லாரையும் விட வேகமா ஓடுவான்"னா அவனும் அந்த கிளாஸ்ல ஒருத்தன் தானே, அவனை விட அவனே வேகமா ஓட முடியாது, அதனால "தேன் எனிஒன் எல்ஸ் இன் தி கிளாஸ்"னு எல்ஸ் போடணும்.

சில வெர்ப்புக்குள்ளயே ஒப்பீடு ஒளிஞ்சிருக்கும். பிரிஃபர்னாலே "இத விட அது பிடிக்கும்"னு தான் அர்த்தம், அதுக்கு மேல "ஐ பிரிஃபர் டீ மோர் தேன் காபி"ன்னா ரெண்டு தடவை ஒப்பிட்ட மாதிரி. பிரிஃபருக்கு தேன் வராது, டு வரும், "ஐ பிரிஃபர் டீ டு காபி." லைக்னா தான் மோர் இல்ல பெட்டர் சேர்த்து தேன் போடணும், "ஐ லைக் டீ பெட்டர் தேன் காபி." எக்சீடும் அதே கட்சி, "எக்சீட்ஸ் மோர் தேன் 100 கிலோ"ன்னு ஷிப்பிங் பேப்பர்ல எழுதியிருக்கிறத பாத்திருக்கேன், "எக்சீட்ஸ் 100 கிலோ" போதும்.

அட்வெர்ப்பை எங்க வைக்கிறதுங்கறதுலயும் நம்ம பழக்கம் இழுக்கும், தமிழ்ல வெர்ப் கடைசில வர்றதால "வேலையை வேகமா முடிச்சான்"னு அட்வெர்ப் வெர்ப்புக்கு ஒட்டி முன்னாடி நிக்கும். இங்கிலீஷ்ல வெர்ப், அடுத்து எதை செஞ்சான்ங்கறது, அதுக்கப்புறம் தான் எப்படி. "ஹி ஃபினிஷ்ட் தி வொர்க் ஃபாஸ்டர்." நடுவுல புகுத்தி "ஹி ஃபினிஷ்ட் ஃபாஸ்டர் தி வொர்க்"னு எழுதாதீங்க, வெர்ப்புக்கும் அதோட ஆப்ஜெக்டுக்கும் நடுவுல ஆள் நிக்கக்கூடாது.

"எவ்வளவுக்கு எவ்வளவு பழகுறியோ அவ்வளவுக்கு அவ்வளவு நல்லா வரும்"னு தமிழ்ல எவ்வளவு அழகா இருக்கு, ஆனா அதை "ஹவ் மச் யூ பிராக்டிஸ், தட் மச் யூ வில் இம்ப்ரூவ்"னு மாத்தினா இங்கிலீஷ்காரங்களுக்கு புரியறது கஷ்டம். ரெண்டு பக்கமும் தி போட்டு ஒப்பிடுற வார்த்தைய முன்னாடி கொண்டாங்க, நடுவுல கமா வைங்க. "தி மோர் யூ பிராக்டிஸ், தி பெட்டர் யூ ப்ளே." வருங்காலத்தை சொன்னா முதல் பாதில வில் வராது, ரெண்டாவது பாதில தான் வரும், "தி சூனர் யூ ரிப்ளை, தி சூனர் வி வில் டிஸ்பாட்ச் தி கூட்ஸ்." இந்த ஒரு சென்டன்ஸை பையருக்கு மெயில்ல எழுதிப்பாருங்க, மரியாதையாவும் இருக்கும், அவசரமும் புரியும். "வர வர"க்கு ஒப்பீட்டையே ரெட்டிப்பாக்கணும், "ஷி இஸ் ரன்னிங் ஃபாஸ்டர் அண்ட் ஃபாஸ்டர்", மோர் வர்ற அட்வெர்ப்னா மோரை மட்டும் ரெட்டிப்பாக்கி "மோர் அண்ட் மோர் நீட்லி".

பரீட்சை எழுதுற பசங்க இருந்தா நோ சூனரையும் பாத்துட்டு போங்க. சூனர்ங்கறது சூனோட ஒப்பீட்டு வடிவம், அதனால பின்னாடி தேன் தான் வரும், வென் வராது. "நோ சூனர் ஹேட் தி பெல் ரங் தேன் தி சில்ட்ரன் ரேன் அவுட்." நோ சூனர் முன்னாடி வந்துட்டதால ஹேட் தாவி பெல்லுக்கு முன்னாடி போகுது, வெர்ப் மூணாவது வடிவம். ஹார்ட்லி, ஸ்கேர்ஸ்லில ஆரம்பிச்சா வென் வரும்.

கடைசியா ஒண்ணு சேர்ந்தே செஞ்சு பாப்போம். "போன மாசத்தை விட இந்த மாசம் டீம் ஆர்டரை ரொம்ப சீக்கிரமா முடிச்சாங்க." ஒப்பிடாம எழுதினா "தி டீம் ஃபினிஷ்ட் தி ஆர்டர்ஸ் ஏர்லி திஸ் மன்த்". ஃபினிஷ்ட் செயல், எப்போ முடிச்சாங்கன்னா ஏர்லி, அட்வெர்ப் ஆர்டர்ஸுக்கு பின்னாடி இருக்கு, சரி. ஏர்லி ஏர்லியர் ஆகுது. "ரொம்ப"க்கு வெரி வேண்டாம், மச். தேன், ஏ போட்டு. வெர்ப் பாஸ்ட், அதனால டிட். "தி டீம் ஃபினிஷ்ட் தி ஆர்டர்ஸ் மச் ஏர்லியர் திஸ் மன்த் தேன் இட் டிட் லாஸ்ட் மன்த்." டீம்ங்கறத ஒரே கூட்டமா எடுத்துக்கிட்டதால இட், தனித்தனி ஆளுங்களா நெனச்சு தே டிட்னு எழுதினாலும் பிரிட்டிஷ் பக்கம் ஏத்துப்பாங்க. ரெண்டுலயும் தேன் இருக்கணும், அதுக்கு அப்புறம் வர்றது தான் இட்டா தேயான்னு மாறும்: "தேன் இட் டிட்", இல்ல "தேன் தே டிட்". இதே மாதிரி நீங்க நேத்து அனுப்பின ஒரு மெயிலை எடுத்து, அதுல "விட"ன்னு மனசுல நெனச்சு எழுதின சென்டன்ஸை மட்டும் தேடி, இதே வரிசைல ஒவ்வொண்ணா போட்டுப் பாருங்க.